வதையில்லாத வாழ்க்கைக்கு மாறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு வருடமாக, விலங்குகளை வதைத்துச் செய்யப்படும் பொருட்களை வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்து வருகிறேன். கல்யாணப் பந்தியிலும் ஆபீஸ் சாப்பாட்டு மேசையிலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவ்வப்போது வாய்க்கு வந்தபடி சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, போராளியும் இல்லை. மதுரையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள்.

திடீரென்று என்ன ஆயிற்று உனக்கு?

திடீரென்று எதுவும் ஆகவில்லை. தணிக்கை வேலையாக நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குப் போயிருந்தேன். முட்டைக்கணக்குப் பார்க்க ஷெட்டுக்குள் நடந்தபோதுதான் கூண்டுகளைப் பார்த்தேன். பேட்டரி கூண்டு என்று பெயர். ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் நாம் பிரிண்ட் எடுக்கும் ஏ4 தாளை விடக் குறைவு. சிறகை விரிக்க முடியாது. ஒன்றரை வருடம் போல அதற்குள்ளேயே நிற்க வேண்டும். பண்ணைக்காரர் கொடுமைக்காரர் இல்லை, எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அது அந்தத் தொழில் நடக்கும் விதம். நான் சாப்பிட்ட ஆம்லெட் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது. மட்டன் சாப்பிடும் வீட்டில் பிறந்தவள், மறுநாளே எல்லாவற்றையும் விட்டுவிடவும் இல்லை. முட்டையை மட்டும் விட்டேன். மற்றது பிறகு.

சைவம், வீகன், க்ரூயல்டி ஃப்ரீ எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பம் தீர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

சைவம் என்றால் இறைச்சி, மீன், முட்டை இல்லை; பால், நெய், தேன் உண்டு. வீகன் என்றால் அதுவும் இல்லை, விலங்கிலிருந்து வரும் எதுவும் இல்லை. 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் சேர்ந்து அந்தச் சொல்லை உண்டாக்கினார்கள். க்ரூயல்டி ஃப்ரீ என்று சோப்பு, ஷாம்பு, லிப்ஸ்டிக் டப்பாவில் போட்டிருப்பது இவை இரண்டுமே இல்லை. அந்தப் பொருளை விலங்கின் மேல் சோதித்துப் பார்க்கவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். உள்ளே தேன்மெழுகோ பூச்சிச் சாயமோ இருக்கலாம், அப்போதும் க்ரூயல்டி ஃப்ரீ என்று போடுவார்கள்.

ஆகவே எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்வி: எதன் மேல் சோதித்தார்கள்? எதால் செய்தார்கள்? இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

சரி, எதில் ஆரம்பிப்பது?

குளியலறையில். சமையலறையில் ஆரம்பித்தால் வீட்டில் சண்டை வரும். ஷாம்புவை மாற்றினால் யாருக்கும் தெரியாது.

இருப்பதைத் தூக்கிப் போடாதீர்கள். தீர்ந்த பிறகு அடுத்ததை மாற்றி வாங்குங்கள். நான் ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாதி பாதி இருந்த கிரீம், பவுடர் எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். அந்த மாதம் கையில் காசில்லை, மனதில் பெருமை மட்டும் இருந்தது. அந்தக் கிரீமைச் சோதித்தபோது முயலுக்கு நேர்ந்தது ஏற்கெனவே நேர்ந்துவிட்டது. நான் குப்பையில் போட்டதால் அது மாறப் போவதில்லை.

டப்பாவில் முயல் படம் இருந்தால் வாங்கலாமா?

எந்த முயல் என்று பார்க்க வேண்டும். டிசைனர் வரைந்த முயலும் உண்டு, சான்றிதழ் முயலும் உண்டு. லீப்பிங் பன்னி என்ற துள்ளும் முயல் சின்னம் 1996-ல் அமெரிக்காவில் சில விலங்குநல அமைப்புகள் கூடிக் கொண்டுவந்தது. மூலப்பொருள் தருகிறவர்கள் வரை விசாரித்துத்தான் கொடுக்கிறார்கள். பீட்டாவின் பட்டியல் தனி. வெறும் முயல் முகத்தை மட்டும் போட்டுவிட்டு எந்த அமைப்பின் பெயரும் இல்லை என்றால் அதை அலங்காரம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் முயல்? 1944-ல் ஜான் டிரெய்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு சோதனை முறையை வெளியிட்டார். முயலின் கண்ணில் சோப்பையோ ரசாயனத்தையோ விட்டு, நாள்கணக்கில் அது சிவக்கிறதா, புண்ணாகிறதா என்று பார்ப்பது. முயல் சாது, பிடித்து வைப்பது சுலபம், கண்ணீரும் நமக்குச் சுரப்பதைவிடக் குறைவு. 1980-ல் ஹென்றி ஸ்பைரா என்பவர் நியூயார்க் டைம்ஸில் ரெவ்லான் நிறுவனத்தைக் கேள்வி கேட்டு முழுப்பக்க விளம்பரம் கொடுத்த பிறகுதான் உலகம் கவனித்தது. இன்று ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் செல்களிலேயே இந்தச் சோதனைகளில் பலவற்றைச் செய்ய முடிகிறது.

நம் நாட்டு நிலவரம் பலருக்குத் தெரியாது. அழகுசாதனப் பொருட்களை விலங்குகளின் மேல் சோதிப்பதை இந்தியா 2014 மே மாதம் தடை செய்தது. அதே வருடம் நவம்பரில், வெளிநாட்டில் அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்வதற்கும் தடை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் விற்பனையை முழுதாகத் தடுத்தது அதற்கு முந்தைய வருடம்தான். ஆகவே இங்கே தயாரான ஷாம்புவில் 'விலங்குகளின் மேல் சோதிக்கப்படவில்லை' என்று பெரிதாகப் போட்டிருந்தால், சட்டத்தை மீறவில்லை என்று விளம்பரம் செய்கிறார்கள், அவ்வளவுதான். பெரிய பன்னாட்டு பிராண்ட் என்றால் மட்டும் ஒரு கேள்வி மிச்சம்: சோதனை கட்டாயமாக இருக்கும் நாட்டில் போய் விற்கிறார்களா? சீனா இதில் பேர்போனது. 2021 மே முதல் சாதாரண இறக்குமதிப் பொருட்களுக்கு, சில நிபந்தனைகளோடு, அங்கும் விலக்கு கிடைக்கிறது.

லேபிளில் எந்தெந்தப் பெயரைத் தேடுவது?

நான் மொபைலில் குறித்து வைத்திருப்பவை இவ்வளவுதான். கார்மைன், அல்லது சி.ஐ. 75470, உணவில் 120 என்ற எண்: காக்கினீல் பூச்சியை உலர்த்தி எடுக்கும் சிவப்பு. லிப்ஸ்டிக்கிலும் சில சிவப்பு மிட்டாயிலும் இருக்கும். ஷெல்லாக், உணவில் 904: அரக்குப் பூச்சி சுரப்பது, மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் பளபளப்புத் தருவது. லனோலின்: ஆட்டு ரோமத்தில் இருக்கும் மெழுகு. சோடியம் டாலோவேட்: சோப்பில் மாட்டுக்கொழுப்பு. ஜெலட்டின்: எலும்பும் தோலும். இதற்கு மேல் மனப்பாடம் செய்தால் கடையில் நின்றபடியே கிறுக்குப் பிடித்துவிடும்.

பச்சைப் புள்ளி இருந்தால் போதாதா?

பச்சைப் புள்ளி சைவத்துக்கு. பால் பவுடர் கலந்த பிஸ்கட்டுக்கும் பச்சைதான். வீகன் உணவுக்கு 2022-ல் தனி விதிமுறை வந்தது. பச்சைக் கட்டத்துக்குள் ஆங்கில வி எழுத்து, அதன்மேல் ஒரு தளிர். மளிகைக் கடையில் அபூர்வம். ஆனால் உளுந்துக்கும் புளிக்கும் எந்தச் சின்னமும் வேண்டாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நம் பாட்டி காலத்துப் பொருட்களுக்கே போய்விட்டால் பிரச்சினை இல்லையே?

இந்தக் கேள்விக்கு எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். பாதி உண்மை. சீயக்காய், அரப்பு, பயத்தமாவு, மருதாணி, வேப்பங்குச்சி: இவற்றில் ஒரு குறையும் இல்லை. கஸ்தூரி மஞ்சளில் கூட கஸ்தூரி இல்லை, அது வாசனைக் கிழங்கு.

ஆனால் உண்மையான கஸ்தூரி? இமயமலைப் பக்கம் இருக்கும் கஸ்தூரி மானின் வயிற்றுப் பையிலிருந்து எடுப்பது, பெரும்பாலும் மானைக் கொன்று. புனுகு? புனுகுப் பூனையைக் கூண்டில் அடைத்து, அதன் வாலடிச் சுரப்பியிலிருந்து வழித்தெடுப்பது. ஜவ்வாது என்ற சொல்லே ஆதியில் புனுகைத்தான் குறித்தது. இன்று கடையில் கிடைக்கும் ஜவ்வாதுப் பொடியில் பெரும்பாலும் செயற்கை வாசனைதான் இருக்கிறது, அந்த வகையில் கலப்படம் வாழ்க. பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கும் கோரோசனை மாட்டின் பித்தப்பைக் கல். சங்கு பஸ்பம், முத்து பஸ்பம், எல்லாம் பெயரிலேயே இருக்கிறது.

சங்கீதத்திலும் உண்டு. கஞ்சிராவுக்கு உடும்புத் தோல்தான் கட்டுவார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம். இப்போது ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன. மிருதங்கம் இன்னும் மாட்டுத்தோல், ஆட்டுத்தோலில்தான் பேசுகிறது. செயற்கைத் தோல் மிருதங்கமும் விற்கிறார்கள், வித்வான்கள் நாதம் சேரவில்லை என்கிறார்கள். என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் என் காதை நம்பி யாரும் கச்சேரி வைப்பதில்லை.

ஓவியம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பிரஷ்ஷையும் பாருங்கள். கீரிப்பிள்ளை முடி பிரஷ் விற்பதும் வாங்குவதும் அதே சட்டப்படி குற்றம். நைலான் பிரஷ் விலையும் குறைவு.

கல்யாணத்துக்குப் பட்டு கட்டாமல் எப்படி?

என் அத்தை இன்னும் இதற்கு என்னை மன்னிக்கவில்லை.

பட்டுப்புழு தன்னைச் சுற்றிக் கட்டும் கூடு ஒரே நூல். பல நூறு மீட்டர் அறுபடாமல் போகும். உள்ளே இருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகி வெளியே வந்தால் கூட்டை ஓட்டை போட்டுவிடும், நூல் அறுந்துவிடும். அதனால் அதற்கு முன்பே ஆவியிலோ சூட்டிலோ கொன்றுவிடுகிறார்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு 3000 கூடுகளுக்கு மேல் போகும். காஞ்சி மகா பெரியவர் பட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்பதை அத்தையிடம் எடுத்துவிட்டேன். "அவர் காஞ்சிபுரத்திலேயே இருந்துகொண்டு சொன்னார், யார் கேட்டாங்க?" என்றார் அத்தை. பதில் இல்லை.

அஹிம்சா பட்டு என்று ஒன்று உண்டு. குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி வெங்கட்ராமன், புழுவைக் கொல்லாத பட்டுப்புடவை கிடைக்குமா என்று கேட்டது, ஆந்திர கைத்தறியில் வேலை பார்த்த குசும ராஜய்யாவை யோசிக்க வைத்தது. பூச்சி வெளியேறிய பிறகு மிஞ்சும் கூட்டைப் பஞ்சு போல நூற்று நெய்கிறார்கள். மினுமினுப்பு குறைவு, விலை அதிகம். அதிலும் ஒரு நெருடல்: மனிதன் ஆயிரமாயிரம் வருடம் வளர்த்து வளர்த்து அந்தப் பூச்சியால் இப்போது பறக்க முடியாது. வெளியே வந்து, முட்டையிட்டு, சில நாளில் சாகும். அந்த முட்டைகள் அத்தனையிலிருந்தும் வரும் புழுக்களுக்கு யார் மல்பெரி இலை போடுவது? அசாமின் எரிப் பட்டுக் கூடு ஒரு பக்கம் திறந்தே இருக்கும், கொல்லாமல் நூற்கலாம். ஆனால் அங்கே அந்தக் கூட்டுப்புழுவைச் சமைத்துச் சாப்பிடும் வழக்கமும் உண்டு.

நான் இருக்கும் பட்டுகளைக் கட்டுகிறேன், புதிதாக எடுப்பதில்லை. தம்பி கல்யாணத்துக்குச் சின்னாளப்பட்டிச் செயற்கைப் பட்டு. போட்டோவில் யாருக்கும் தெரியவில்லை.

லெதர்? அதை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள்!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று வடக்கு மாவட்டங்களில் ஊர் ஊராக அந்தத் தொழில்தான். அதில் கைநனைத்து உழைப்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் முஸ்லிம்களும். அவர்கள் வேலையைக் கேவலமாகப் பேசிவிட்டு ஜீவகாருண்யம் பேசுவது எனக்கு அருவருப்பு. தோல் பதனிடும் குரோமியக் கழிவில் பாலாறு பட்ட பாடும் அதே ஊர்களின் கதைதான், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வாங்குகிற விஷயத்தில் நான் செய்வது: பழைய பெல்ட், கைப்பை அறுகிற வரை. அடுத்தது துணிப்பை, ரப்பர் செருப்பு. ரெக்சினும் பியூ லெதரும் பிளாஸ்டிக், இரண்டு வருடத்தில் உரியும். அதற்கு ஏற்கெனவே இருக்கும் தோல் பையை இன்னும் ஐந்து வருடம் தைத்துத் தைத்துப் பயன்படுத்துவது மேல் என்பது என் கணக்கு.

பாலில் என்ன கொடுமை? பசு நம் வீட்டுப் பிள்ளை மாதிரி அல்லவா?

கன்று போடாமல் பசு பால் தராது. பால் நிற்காமல் வர வேண்டும் என்றால் வருடா வருடம் சினை ஊசி. பிறப்பதில் பாதி காளைக்கன்று. டிராக்டர் வந்த பிறகு ஏருக்கும் வண்டிக்கும் அது வேண்டாம். அப்புறம் அது எங்கே போகிறது? எங்கள் ஊர்ச் சந்தையில் மினிலாரியில் ஏற்றுகிறார்கள். மாட்டைத் தெய்வம் என்கிறவரும் பால் வற்றிய மாட்டை விற்றுத்தான் ஆக வேண்டியிருக்கிறது, தீவனம் விற்கும் விலையில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கன்று செத்துப்போனால் அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பசு அதை நக்கிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு அப்போது அது வேடிக்கை. 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-வது பிரிவு, பால் கூட்டுவதற்காக மாட்டின் உடலைக் கெடுக்கும் ஊசி முதலியவற்றைத் தடுக்கிறது. அந்தச் சட்டத்துக்கு விதை போட்டது ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா. கலாக்ஷேத்ராவுக்காக அவரைத் தெரிந்தவர்கள் பலருக்கு இது தெரியாது. 1962-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு விலங்குநல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே.

நான் பாலை விட்டது கடைசியில்தான், அதுவும் இரண்டு முறை தோற்ற பிறகு. தோற்கடித்தது ஃபில்டர் காபி. சோயாப்பாலைக் கொதிக்கும் டிகாஷனில் ஊற்றினால் திரிந்துவிடும். பாலைச் சூடாக்கி, அதில் டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அப்போதும் அது காபி மாதிரி ஒன்று. இப்போது கருப்பட்டி போட்ட வரக்காபிக்கு வந்துவிட்டேன்.

தேன்?

விட்டுவிட்டேன். மார்த்தாண்டத்துத் தேனை நினைத்தால் இன்னும் நாக்கு ஊறும்.

மருந்துகள் எல்லாம் விலங்கின் மேல் சோதித்தவைதானே? அவற்றையும் நிறுத்துவதா?

நிறுத்தாதீர்கள். இதில் வளவளவென்று பேச ஒன்றுமில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். கேப்சூலுக்குப் பதில் மாத்திரை இருக்கிறதா என்று கேட்கலாம், இல்லை என்றால் கேப்சூல்தான்.

மருந்துலகமும் நகர்கிறது. ஒரு காலத்தில் இன்சுலின் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து வந்தது. 1982 முதல் நுண்ணுயிர்களை வைத்துச் செய்கிறார்கள். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயமுறுத்துவார்களே, அந்த மருந்து ஆட்டு மூளையில் தயாரானது. 2004-ன் கடைசியில் இந்தியா அதன் உற்பத்தியை நிறுத்தியது. இப்போதைய தடுப்பூசி ஆய்வகச் செல்களில் வளர்ப்பது, கையில் போடுவது, அதைவிடப் பாதுகாப்பானது. 2023-ல் புதிய மருந்துகளுக்கான நம் நாட்டு விதிகளும் விலங்கில்லாத சோதனை முறைகளை ஏற்றுக்கொண்டன.

சத்து போதுமா?

பருப்பு, கடலை, கீரை, எள், கேழ்வரகு சாப்பிடுகிற வீட்டில் பெரிய பயம் வேண்டாம், பி12 ஒன்றைத் தவிர. அது செடியில் கிடைக்காது. 'பழையசோற்றில் இருக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இருந்துவிடாதீர்கள். எனக்கே இரண்டாவது வருடம் கைவிரல் மரத்துப்போனது. ரத்தப் பரிசோதனையில் பி12 அடியில் கிடந்தது. இப்போது மாத்திரை. அது பாக்டீரியாவை நொதிக்க வைத்து எடுப்பது, அதனால் கொள்கைக்கும் இடைஞ்சல் இல்லை. வைட்டமின் டி3 மட்டும் பெரும்பாலும் ஆட்டு ரோம மெழுகிலிருந்து வருகிறது. பாசியிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது, விலைதான் கடி. குழந்தைகள், கர்ப்பிணிகள் விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு வந்தால்?

போவேன். பொங்கல் வைக்கும் பக்கம் நிற்பேன், கறிச்சோறு சாப்பிட மாட்டேன். சித்தப்பா முதல் வருடம் கோபப்பட்டார், இரண்டாம் வருடம் எனக்காகத் தனியாகப் புளிசாதம் கட்டி வந்தார்.

சட்டம் போட்டு நிறுத்தலாமே என்பவர்களுக்கு: இங்கே போட்டுப் பார்த்தாயிற்று. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ம் வருடச் சட்டத்தைத் தூசி தட்டி 2003-ல் அமல்படுத்தினார்கள். கிராமங்கள் கொதித்தன. 2004-ல் அந்தச் சட்டமே ரத்தானது. அய்யனாருக்குக் கிடா வெட்டுகிறவனைத் தடுத்துவிட்டு, நகரத்தில் வாரா வாரம் பிரியாணிக் கடையில் வரிசை நிற்பதை யாரும் கேட்கவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதில் நியாயம் இருந்தது.

அப்படியென்றால் ஜல்லிக்கட்டு?

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடுத்தது, 2017 ஜனவரியில் மெரினா கூடியது, சட்டத்திருத்தம் வந்தது, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. நான் போவதில்லை, டிவியிலும் பார்ப்பதில்லை. ஆனால் காளையைப் பிள்ளை போல வளர்த்து, செத்தால் சமாதி கட்டுகிறவரிடம், பால் காபியை உறிஞ்சியபடி லெதர் ஷூ போட்டவர் பாடம் எடுத்தால் நான் அந்தக் காளைக்காரர் பக்கம்தான் உட்காருவேன்.

இது சுற்றி வளைத்து ஆசாரம் பேசுவதுதானே?

இந்தச் சந்தேகம் வர வேண்டிய சந்தேகம்தான். சாப்பாட்டை வைத்து மனிதனை மேல் கீழ் என்று பிரித்த ஊர் இது. வீடு வாடகைக்குக் கேட்டால் 'நான்வெஜ்ஜா?' என்பவர்கள் நெய்யும் பட்டும் விடாதவர்கள். எனக்கு அந்தச் சுத்தம் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து மாட்டுக்கறி சாப்பிடும் தோழியோடு ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறேன். என் தட்டில் என்ன என்பது மட்டும் என் முடிவு.

செலவு கையைக் கடிக்காதா?

வீகன் சீஸ், பாதாம் பால், இறக்குமதி கிரீம் என்று போனால் கடிக்கும். சீயக்காயும் கம்பங்கூழும் கடிக்காது. என் மாதச் செலவு கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது, ஹோட்டலுக்குப் போவது குறைந்ததால்.

சரி, தயிர் இல்லாமல் எப்படிச் சாப்பாட்டை முடிப்பது?

வேர்க்கடலைத் தயிர். ஒரு டம்ளர் பச்சை வேர்க்கடலையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தோலைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்தால் பால். சின்னத் தீயில் கைவிடாமல் கிண்டிப் பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும், அடி பிடித்தால் தீய்ந்த வாசம் போகாது. கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஏழெட்டுப் பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டு மூடி வையுங்கள். முதல் தடவை நீர்த்தாற்போல் உறையும், கடலை வாசமும் இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மறுபடி உறைக்கு ஊற்றினால் இரண்டாவது தடவை கெட்டியாக வரும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் கடலை வாசம் அமுங்கிவிடும். மதுரை வெயிலில் ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், புளிப்பு ஏறி மோராகத்தான் ஆகும்.